அத்தையின் கன்னம்

என் கணவர் என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த லுங்கியைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் மருமகன் மாமியாருக்குச் செய்யும் மரியாதை அது. மனைவிக்கு யாரும் லுங்கியை இறக்கிவிடுவதில்லை.

“வாங்க அத்தே. இந்த வெயில்ல இன்னாத்துக்கு வந்துகினு? குந்துங்க. அவ டூட்டிக்குப் போயிக்கிறா, இப்ப வந்துடுவா.”

நான் பின்கட்டில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்திருந்தேன். அன்று நான் போயிருந்த தூரம் அவ்வளவுதான்.

என் அம்மா இறந்து பல வருடங்களாகிவிட்டன. அவள் என் கணவருக்கு மாமியார் மட்டுமல்ல, சொந்த அத்தை. அவருடைய அப்பாவின் அக்கா. மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். கல்யாணத்துக்கு முன்புவரை அவளை “வா அத்தே, போ அத்தே” என்று கூப்பிட்டவர், தாலி கட்டிய மறுநாளிலிருந்து “வாங்க” என்றார். அவள் தெருமுனையில் தெரிந்தாலே பீடியை அணைத்துவிட்டு லுங்கியை இறக்குவார். அத்தனை வருடப் பழக்கம் மூளையில் எந்த மூலையில் பதுங்கியிருந்ததோ, மற்றதெல்லாம் அழிந்த பிறகும் அது மட்டும் பத்திரமாக இருந்தது.

“மாமா, நான்தான். நல்லாப் பாரு” என்றேன்.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். “இன்னாத்தே, நீங்க போயி என்ன மாமான்னுகினு. கிண்டலு பண்றீங்களா?”

மறதி நோய் வந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பேருந்து ஓட்டிய மனிதர், சமையலறைக்கு வழி கேட்பார். அதற்கெல்லாம் நான் தயாராகத்தான் இருந்தேன். செவிலியாக வேலை பார்த்தவள், இந்த நோய் எங்கே போய் முடியும் என்பது தெரியும். ஒருநாள் அவருக்கு என்னைத் தெரியாமல் போகும் என்றும் தெரியும். ஆனால் தெரியாமல் போவது வேறு, என் அம்மாவாகத் தெரிவது வேறு. அதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

அன்று மாலை கண்ணாடி முன் நின்றேன். அவர்மேல் தப்பில்லை. தாடையோரம் இரண்டு பக்கமும் தோல் பைபோலத் தொங்கியது. மூக்கிலிருந்து வாய்க்கோடிவரை இறங்கிய கோடு ஆழமாக விழுந்திருந்தது. கன்னத்தின் சதை தன் இடத்தைவிட்டு ஒரு மாடி கீழே குடி வந்திருந்தது. அது அம்மாவின் முகம்தான். வெற்றிலைக் காவி ஒன்றுதான் குறை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முகம் தொங்காமல் இருக்க என்னவெல்லாம் செய்ய வேண்டுமோ, அத்தனையும் செய்தவள் நான். அரசு ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டரில் வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு சில வருடங்கள் சென்னையில் ஓர் அழகு சிகிச்சை மையத்தில். தோலைக் கெடுப்பதில் வயதுக்கு அடுத்தபடி வெயில், பிறகு புகை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். பேருந்து ஓட்டுநர்களின் முகத்தைப் பாருங்கள், ஜன்னல் பக்கத்து வலது கன்னம் இடது கன்னத்தைவிட முதிர்ந்திருக்கும் என்று என் கணவரையே உதாரணம் காட்டியிருக்கிறேன். குடையில்லாமல் வெளியே போனதில்லை. சன்ஸ்கிரீன் தடவாத நாளில்லை. அம்மாவோ மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கோவளம் வரை வெயிலில் அலைந்தவள். தேங்காய் எண்ணெயைத் தவிர வேறெதுவும் அவள் முகத்தில் பட்டதில்லை. கடைசியில் இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். நான் செலவழித்து வந்து சேர்ந்தேன்.

என்ன நடந்தது என்பதும் தெரியும். பாதி பரம்பரை. மீதி, அவரைப் பார்த்துக்கொண்ட அந்த இரண்டு வருடங்களில் சாப்பாடும் தூக்கமும் போய் உடம்பு வேகமாக இளைத்தது. கொழுப்பு போனதும் கன்னம் வற்றியது, தோல் மட்டும் பழைய அளவிலேயே நின்றது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் சன்ஸ்கிரீன் தடவிப் பயனில்லை.

அத்தையாக இருப்பதில் சில சௌகரியங்கள் இருந்தன என்பதை மறைக்க வேண்டாம். மனைவியிடம் தட்டை நகர்த்திவிடுகிறவர், அத்தை பரிமாறினால் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். கத்தமாட்டார். என்னைப் பற்றி என்னிடமே புகார் சொல்வார்.

“உங்க பொண்ணு ரொம்பத்தான் பண்றா அத்தே. படிச்சிட்டாளாம். குழம்புல உப்பு கம்மியா கீதுன்னா, உனக்கு பி.பி.ன்றா.”

“நான் சொல்றேன்.”

“நீங்க சொன்னா மட்டும் கேட்டுடுவாளா இன்னா?”

சிக்கல் குளியலறையில் தொடங்கியது. எந்த மருமகன் மாமியார் கையால் குளிப்பான்? நான் லுங்கி முடிச்சில் கை வைத்ததும் பதறிப்போய் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “இன்னாத்தே இது, அசிங்கமா! நீங்க போங்க. அவ வரட்டும்.” அவர் உடம்பு என்னைவிடப் பலமானது. கூலிக்கு வைத்த ஆளைக் கன்னத்தில் அறைந்து அனுப்பிவிட்டார். தானாகக் குளிக்கவும் தெரியாது. சிறுநீரில் நனைந்த துணியை அவிழ்க்கவும் விடமாட்டார், அத்தை முன்னால் எப்படி அவிழ்ப்பது? தொடையிடுக்கில் தோல் சிவந்து, வெடித்து, வாடை வரத் தொடங்கியது. அவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். “இன்னும் வரல பாரு அவ” என்பார். அவர் யாருக்காகக் காத்திருந்தாரோ அவள் டெட்டாலும் துண்டுமாக அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள்.

வயதான எல்லாப் பெண்களும் தனியாக இருக்கும்போது செய்வதை நானும் செய்தேன். இரண்டு கையாலும் கன்னங்களைக் காதுப்பக்கம் இழுத்துப் பிடித்தேன். கண்ணாடியில் ஒரு நிமிடம் நான் வந்தேன். கையை எடுத்ததும் அம்மா வந்தாள்.

அப்படியே இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். “இன்னாத்தே, பல்லு வலியா?” என்றார்.

பக்கத்து வீட்டில் இட்லிக்கடை வைத்திருக்கும் பெண்ணிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சிறுசேரியில் ஒரு தோல் மருத்துவ மையத்துக்குப் போகப்போவதாகச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“இன்னாக்கா, ஊசி போட்டுகினு சோக்கா ஆவப் போறியா? யாரு, மாப்ள வூட்டுக்காரங்க வராங்களா?”

“ஆமாண்டி. உன் அண்ணனுக்குத்தான் மறுபடியும் பொண்ணு பாக்கறோம்.”

“அண்ணாத்த ஓகேன்னா எனக்கும் ஓகேதான், போ.”

சிறுசேரி மையம் மென்பொருள் அலுவலகங்களுக்கு நடுவில் இருந்தது. காத்திருந்தவர்களில் முகம் தொங்கியவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் முப்பது வயதில், தொங்கப்போவதை எண்ணிப் பயந்து வந்தவர்கள். மருத்துவர் என் மகள் வயதுப் பெண், எனக்கு மகள் இருந்திருந்தால்.

“உங்க எக்ஸ்பெக்டேஷன் என்ன ஆன்ட்டி?”

“என் புருஷன் என்னை மாமியார்னு நினைக்கிறார்.”

அவள் கனிவாகத் தலையாட்டினாள். “நிறைய பேர் அப்படித்தான் ஃபீல் பண்றாங்க ஆன்ட்டி.”

நான் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் வேறொரு மருத்துவரிடம் அனுப்பியிருப்பாள். நாற்பது வயதில் எடுத்த என் புகைப்படத்தைக் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள், நான் ஒவ்வொன்றாக முடித்து வைத்தேன். பூசும் கிரீம் தோலைப் பளபளப்பாக்கும், இறங்கிய சதையைத் தூக்காது. முகப் பயிற்சியால் கெடுதல் இல்லை, நம்பிக்கை வைக்குமளவுக்கு நன்மையும் இல்லை. அல்ட்ராசவுண்டும் ரேடியோ அலையும் லேசான தொய்வை லேசாக இறுக்கும், எனக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரி. என்னைப் போன்றவளுக்கு உண்மையில் பலன் தருவது கத்தி ஒன்றுதான், காதோரம் அறுத்துத் தோலையும் அதன் அடித்தசையையும் இழுத்துத் தைப்பது. ஆனால் வாரக்கணக்கில் வீங்கிய முகத்தோடு படுத்திருந்தால் அவருக்குச் சோறு யார் போடுவது? மிச்சம், வற்றிய இடத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசியும், தோலுக்கடியில் கோத்து இழுக்கும், தானாகக் கரைகிற நூலும். நூல் சில மாதங்களில் கரைந்துவிடும், தூக்கிய கன்னம் மறுபடி இறங்கும். அதைச் சொல்லிச் சொல்லி நானே எத்தனை பேரின் ஆசையைத் தணித்திருக்கிறேன்.

“எல்லாமே தெரிஞ்சிருக்கே ஆன்ட்டி. அப்புறமும் பண்ணிக்கணுமா?”

“பண்ணிக்கணும்.”

மரத்துப்போன கன்னத்துக்குள் ஊசி நுழைவது வலிக்கவில்லை. நூலை இழுக்கும்போது ஒரு சத்தம் வரும், தடித்த துணியைத் தைப்பதுபோல. நோயாளிகளின் தலைமாட்டில் நின்றபோது அது எனக்குக் கேட்டதில்லை. படுத்திருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும் போலிருக்கிறது.

வீக்கம் வடியும்வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரிந்தேன். அவரை இட்லிக்கடைக்காரிதான் பெரும்பாலும் கவனித்தாள். “மூஞ்சி பன்னு மாரி கீதுக்கா. ஜாம் ஒண்ணுதான் பாக்கி” என்றாள். பிறகு பன் வடிந்தது. கன்னம் ஏறியிருந்தது. தாடையோரப் பை சுருங்கியிருந்தது. நாற்பது வயது திரும்பவில்லை, ஆனால் அம்மா போய்விட்டாள். அவ்வளவுதான் நான் கேட்டது.

ஒரு காலையில் வெந்நீரும் துண்டும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் போனேன். ஜன்னலோரம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை அசையவில்லை. எழுந்திருக்கவில்லை. லுங்கி மடித்தபடியே இருந்தது.

வாளியைக் கீழே வைத்தேன். அவர் என்னை எப்போதும் “இன்னாமே” என்றுதான் கூப்பிடுவார். கோபமோ கொஞ்சலோ, எல்லாம் அந்த ஒரு ‘மே’யை இழுக்கும் இழுப்பில்தான். பெயர் சொன்னதில்லை. அந்தச் சொல்லுக்காகத்தான் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தேன். அருகில் போய் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“இன்னா நர்ஸம்மா,” என்றார். “புதுசா வந்துக்கிறீங்களா? பழைய ஆளு எங்க?”

மணிக்கட்டில் என் விரல்கள் நாடியின்மேல் இருந்தன. பழக்கம். கையைப் பிடித்தாலே நாடி பார்த்துவிடும் பழக்கம்.

“குளிக்கலாமா?” என்று கேட்டேன்.

“ஓ, குளிக்கலாமே” என்று தானே முடிச்சை அவிழ்த்தார். நர்ஸிடம் என்ன வெட்கம்? எங்கள் ஊர்ப்பக்கமெல்லாம் நர்ஸ் என்றால் ஆணுமில்லை பெண்ணுமில்லை, நர்ஸ். நான் தண்ணீர் ஊற்றினேன், புண்ணைத் துடைத்தேன், மருந்து தடவினேன். சின்ன முனகல்கூட இல்லை.

“எம் பொண்டாட்டியும் நர்ஸுதான்” என்றார், முதுகைக் காட்டிக்கொண்டு. “அவ ஊசி போட்டா போட்டதே தெரியாது. கை அப்படி. வாய்தான் ஊசி.”

“எங்க அவங்க?”

“டூட்டி. எப்பப் பாரு டூட்டிதான்.” நான் முதுகுக்குச் சோப்புப் போட்டேன். “எங்க அத்தே ஒருத்தி வந்துகினு இருந்துச்சு. அதுவும் இப்ப வர்றதில்ல. நான் இன்னா தப்பு பண்ணேன்னு தெரியல.”

நான் சோப்பு நுரை கண்ணில் படாமல் நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். சிகிச்சை பலித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். புண் ஆறியது. வாடை போனது. நர்ஸம்மா கையால் தினமும் குளித்தார். ஆனால் பழையபடி தட்டை நகர்த்திவிடத் தொடங்கினார். நர்ஸ் ஊட்டினால் யார் சாப்பிடுவார்கள்? வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது இரண்டு பேருக்காகக் காத்திருந்தார்.

இட்லிக்கடைக்காரி கேட்டாள். “அண்ணாத்த இன்னா சொல்லிச்சி? சோக்கா கீறன்னு சொல்லிச்சா?”

“சம்பளம் எவ்வளவுன்னு கேட்டாரு.”

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மாதங்கள் போயின. நூல் கரையத் தொடங்கியிருப்பதைக் கண்ணாடி சொன்னது. முதலில் இடது கன்னம். அவருக்கு வலதுபக்கம் முந்தியது, எனக்கு இடது. சிறுசேரியிலிருந்து போன் வந்தது. மறுபடி ஒருமுறை செய்துகொண்டால் நன்றாக நிற்கும் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். கன்னத்தைத் தூக்கி வைத்தால் அவர் சுத்தமாக இருப்பார், பட்டினியாக. இறங்க விட்டால் அத்தை வருவாள், அவர் சாப்பிடுவார், புண்ணும் வரும். எந்தக் கன்னத்தோடு நான் மனைவியாவேன் என்பதற்கு மட்டும் யாரிடமும் சிகிச்சை இல்லை. இதை அந்த மருத்துவப் பெண்ணிடம் கேட்கவில்லை. அவள் நல்ல பெண். பதில் சொல்ல முயன்றிருப்பாள்.

நான் திரும்பப் போகவில்லை. முடிவெடுத்தேன் என்று சொல்ல முடியாது. தள்ளிப்போட்டேன், தோல் பார்த்துக்கொண்டது.

இன்று காலை வெந்நீரோடு உள்ளே போனேன். ஒரு கையில் வாளி, மறு கையில் இட்லித் தட்டு. யாராக இருக்கப்போகிறேன் என்று தெரியாததால் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கை லுங்கி மடிப்புக்குப் போனது. பாதி இறக்கியதோடு நின்றது, ஒரு முழங்கால் மூடி, ஒரு முழங்கால் தெரிய.

“வாங்க” என்றார்.

அதற்கப்புறம் வரவேண்டிய சொல் அவருக்குக் கிடைக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நர்ஸம்மாவா, அத்தையா என்று நான் காத்திருந்தேன். இரண்டில் ஒன்றுதான் வரும். “வாங்க”வுக்குப் பிறகு ‘மே’ வராது.