இடப்பக்கம் இழுத்த மூன்று சக்கர வண்டி

ரஞ்சனி தெருவில் நடக்கும்போது முகங்களைப் பார்க்கமாட்டாள், சக்கரங்களைப் பார்ப்பாள். காய்கறி வண்டிக்காரரை நிறுத்தி, "அண்ணே, முன் சக்கரம் கோணலா கீது, சீக்கிரம் தேஞ்சிடும்" என்பாள். பள்ளி நாட்களில் ஸ்ரீபெரும்புதூர் தேரோட்டத்துக்கு நானும் அவளும் சேர்ந்து போவோம். எல்லோரும் கைகூப்பி மேலே பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் கீழே குனிந்து, முட்டுக்கட்டை போடுகிறவர்கள் எந்தச் சக்கரத்துக்குப் போடுகிறார்கள் என்று கவனிப்பாள்.

"வலப்பக்கம் இழுக்குது. திருப்பத்துல பாரேன்."

திருப்பத்தில் தேர் வலப்பக்கம்தான் போகும். ஆட்கள் கத்திக்கொண்டே கட்டையை மாற்றிப் போடுவார்கள். இவள் முகத்தில் சாமி பார்த்த சந்தோஷம்.

இந்தப் புத்தி அவளுக்குச் சோறு போடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? ஒரகடத்தில் லாரி செய்யும் ஆலை ஒன்றில், செய்து முடித்த வண்டி நேராகப் போகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று சோதித்துச் சரிசெய்யும் அலைன்மென்ட் பிரிவில் வேலை. டிப்ளமோ முடித்த கையோடு போல்ட் முடுக்கும் லைனில் நான்கு வருடம் நின்றாள். மதிய உணவு நேரத்தில் சாப்பிடாமல் அலைன்மென்ட் பிரிவில் போய் நின்று வேடிக்கை பார்ப்பாளாம். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, கேட்டுக் கேட்டே அந்த இடத்தை வாங்கினாள். அங்கே நின்ற முதல் பெண் இவள்தான்.

நான்கு வருடம் வெளிநாடுகளில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, அடுத்து எங்கே என்று தெரியாமல் நான் திரும்பி வந்தபோது, அவள் வீட்டு மாடி அறை காலியாக இருந்தது. கீழே ரஞ்சனி, அவள் கணவன் சிவசங்கர், எட்டு மாதக் குழந்தை ஏலவார்குழலி. காஞ்சிபுரத்து அம்மனின் பெயர். கூப்பிடுவது குழலி என்றுதான்.

நான் வந்த வாரம்தான் சூப்பர்வைசர் போன் செய்தார். பேறுகால விடுப்பு முடிந்து, சம்பளமில்லாத விடுப்பும் இரண்டு மாதம் ஓடிவிட்டது. "திங்கக்கிழமை வந்துடும்மா. இல்லன்னா அலைன்மென்ட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நீ திரும்ப போல்ட் லைன்லதான் நிக்கணும்."

போவதில் அவளுக்கு ஒரு தடையும் இல்லை, ஒன்றரை கிலோமீட்டரைத் தவிர. குழந்தைகள் காப்பகம் நெடுஞ்சாலை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. குழலியை அங்கே விட்டுவிட்டு ஏழு இருபது கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சிவசங்கருக்கு முதல் ஷிப்ட். விடியும் முன்னே கிளம்பிவிடுவான். எங்கள் லேஅவுட்டுக்குள் ஜல்லி கொட்டியதோடு சாலை வேலை நின்றுவிட்டதால் ஆட்டோ வராது. கைக்குழந்தையைத் தனியாக ஸ்கூட்டரில் வைத்து ஓட்ட முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு முதுகுவலி; எட்டு கிலோவைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் தூக்கிக்கொண்டு போகலாம்தான், ஆனால் எத்தனை நாள் இங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஆகவே வெள்ளிக்கிழமை மாலை, சிவசங்கர் ஷிப்ட் முடிந்து வந்ததும், குழலியோடு பேபி வண்டி வாங்க ஸ்ரீபெரும்புதூர் பஜாருக்குப் போனோம். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ பாக்காத ஸ்ட்ரோலரா? சொல்லு, அங்கெல்லாம் எது வாங்குவாங்க?"

"அங்கெல்லாம் ரோடு நல்லா இருக்கும்டி. எது வாங்கினாலும் ஓடும்."

"ஒண்ணத்துக்கும் உதவாத ஊரா பாத்து சுத்திட்டு வந்துக்கீற."

குழந்தைப் பொருள் கடை வைத்திருக்கும் விஜயராகவன் உற்சாகமாக ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு கையால் மடிப்பது, பாட்டுப் பாடுவது, குடை வைத்தது. ரஞ்சனி குடையைப் பார்க்கவில்லை. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்தச் சக்கரம் எங்க தெருவுல ஏறாதுங்க. ஜல்லியே இதைவிடப் பெருசு."

"மேடம், எல்லாரும் இதைத்தான் வாங்கினு போறாங்க."

"எல்லாரும் டைல்ஸ் மேல ஓட்டுவாங்க."

ஆறு வண்டிகள் இப்படிக் கவிழ்ந்து கிடந்தன. அப்போதுதான் அவள் கண் மேலே போனது. நடைவண்டிகளுக்குப் பின்னால், கூரைக் கொக்கியில், தூசி படிந்த ஒன்று தொங்கியது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று பெரிய காற்றடைத்த சக்கரங்கள்.

"அது ஆர்டர் பீஸ் மேடம். கொரியாக்காரர் ஒருத்தர் சொல்லி வெச்சிட்டு, வாங்கறதுக்குள்ள மாத்தலாகிப் போயிட்டாரு. ஆட்டோ மாதிரி கீதுன்னு யாரும் தொடறதில்ல."

"எறக்குங்க."

இறக்கியதும் முன் சக்கரத்தைச் சுழலவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அன்று மாலை முதல் தடவையாகச் சிரித்தாள். சிவசங்கர் தோள்பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தான். உள்ளே சரியாக எட்டு கிலோ அரிசி. அவன் ஷாக் அப்சார்பர் செய்யும் ஆலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறான். மூட்டையை வண்டியில் உட்காரவைத்து பெல்ட் போட்டான்.

"சார், பாப்பாவே இங்கதானே கீது. அரிசிய எதுக்கு ஏத்தறீங்க?"

"டிரையல்ல ஆள் ஏத்தக்கூடாதுங்க. டம்மி லோடுதான். அது ரூல்."

குழலி என் இடுப்பில் இருந்தபடி தன் வண்டியில் அரிசி போவதைப் பார்த்தாள். வேகத்தடை, உடைந்த சாக்கடை மூடி, ஒரு வீட்டு வாசலில் கொட்டியிருந்த மணல் என்று எல்லாவற்றிலும் ஏற்றி இறக்கினார்கள். பூ வாங்க வந்த ஒரு அம்மா, "எங்க, பாப்பா மூஞ்சியக் காட்டு" என்று ஆசையாகக் குனிந்தார். "ஐயே!" என்று நிமிர்ந்தார்.

வண்டி கோடு போட்டதுபோல் நேராகப் போனது. "மூணு நாளுக்குள்ள மாத்திக்கலாம், அதுக்கு மேல முடியாது" என்று சொல்லி விஜயராகவன் பில் போட்டார்.

சனிக்கிழமை முழுக்க லேஅவுட்டுக்குள் ஊர்வலம். ஜல்லியில் வண்டி குதித்துக் குதித்துப் போக, குழலி ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு சத்தம் போட்டாள்.

ஞாயிறு காலையில் முழு ஒத்திகை, காப்பகம் வரைக்கும். லேஅவுட்டைத் தாண்டினால், நெடுஞ்சாலையை ஒட்டியே ஒரு கிலோமீட்டர் சர்வீஸ் ரோட்டில் போக வேண்டும். போகும்போது நெடுஞ்சாலை இடது பக்கம். நடுவில், மூடி போடாத மழைநீர்க் கால்வாய்.

சர்வீஸ் ரோட்டில் ஏறியதும் வண்டி இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ரஞ்சனி நேராக்கினாள். மறுபடி இழுத்தது. கால்வாய்க்கு இரண்டடி வரைக்கும் போய்விட்டது. சிவசங்கர் பிடுங்கித் தள்ளிப் பார்த்தான். அவனுக்கும் அதே கதை. காப்பகம் போய்ச் சேர்வதற்குள் ரஞ்சனியின் உள்ளங்கை சிவந்துவிட்டது. திரும்பி வரும்போது, பயத்தில் குழலியை நான் தூக்கிக்கொண்டேன். காலி வண்டி சமர்த்தாக வந்தது.

வீட்டு வாசலில் பஞ்சாயத்து கூடியது. எதிர்வீட்டுத் தாண்டவராயன் டயர் கம்பெனியில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா தம்பி, காத்து ஒரு பக்கம் கம்மியா கீதா?"

"ரெண்டும் ஒரே அளவு அண்ணே. ஸ்பிரிங்குலதான் கோளாறு."

"நீ ஸ்பிரிங் கம்பெனி, உனக்கு எல்லாம் ஸ்பிரிங்கு. டயரக் கழட்டு."

டயரைக் கழற்றி மாட்டினார்கள். ஸ்பிரிங்கை அளந்தார்கள். ரஞ்சனி வண்டியின் இரண்டு பக்கமும் நூல் கட்டி அளந்து பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு மறுபடி சர்வீஸ் ரோட்டுக்குப் போனார்கள். நேராகப் போனது.

"அரிசிக்கு நேராப் போவுது, பொண்ணுக்கு இழுக்குது" என்று தாண்டவராயன் வியந்தார். "அரிசி வெயிட்டும் பாப்பா வெயிட்டும் ஒண்ணுதானா?"

மளிகைக் கடைத் தராசில் குழலியை நிறுத்தார்கள். எட்டு கிலோ நானூறு கிராம். உடனே நானூறு கிராம் துவரம்பருப்பு வாங்கி மூட்டையில் சேர்த்தார்கள். அப்போதும் நேராகத்தான் போனது.

சாப்பாட்டு நேரத்தில் சிவசங்கர் மெதுவாகச் சொன்னான். "திருப்பிக் குடுத்துடலாம் ரஞ்சு. அந்தக் கால்வாய்கிட்ட இத நம்பி வுட முடியாது. நீ ஒரு மாசம் கழிச்சி ஜாயின் பண்ணேன்."

ரஞ்சனி ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "ஒரு மாசம் கழிச்சின்னா போல்ட் லைன்."

"போல்ட் லைனும் வேலைதானே?"

"வேலைதான். நாப்பது டன் வண்டி இழுத்தா கண்டுபிடிக்கத் தெரியுது. எட்டு கிலோ இழுக்குது, தெரியல. திரும்பிப் போய் அங்க நிக்கறதுக்கே எனக்குக் கூச்சமா கீது."

அவன் அவள் தட்டில் ஒரு அப்பளத்தை வைத்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளே எழுந்தாள். "இன்னொரு தடவை. இந்தத் தடவை பாப்பாவோடவே போய், பாப்பாவோடவே திரும்பி வரணும். வண்டியில கோளாறுன்னா ரெண்டு தடவையும் ஒரே பக்கம்தான் இழுக்கும்."

போகும்போது கால்வாய்ப் பக்கம் சிவசங்கர் நடந்தான், கோல்கீப்பர் மாதிரி. வண்டி இடப்பக்கம் இழுத்தது. காப்பகத்து வாசலில் திருப்பினோம். பத்தடிகூடப் போயிருக்கமாட்டோம்.

"வலப்பக்கம்!" என்று ரஞ்சனி கத்தினாள். "வலப்பக்கம் இழுக்குது!"

வண்டியை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் ஓடினாள். எங்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தாள். இரண்டு நாளாக அவள் அந்த வண்டியின் சக்கரத்தைப் பார்த்தாள், அச்சைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள். வண்டி ஓடும்போது உள்ளே இருப்பவளைப் பார்த்தது அப்போதுதான்.

நெடுஞ்சாலையில் இரண்டடுக்கு டிரெய்லர் ஒன்று புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு வந்தது. குழலி பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். பெல்ட் எவ்வளவு விட்டதோ அவ்வளவும் வெளியே சாய்ந்தாள். வாய் திறந்திருந்தது, எச்சில் நூலாக இறங்கியது. என் கையில் வண்டி வலது பக்கம் திரும்பியது. டிரெய்லர் போய் மறைந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வண்டியும் நிமிர்ந்தது. அடுத்து ஒரு கம்பெனி பஸ் வந்தது. மறுபடி கம்பி, மறுபடி எச்சில், மறுபடி வலப்பக்கம்.

ரஞ்சனி நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தாள். சிவசங்கருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"அடிப்பாவி" என்றான் மகளைப் பார்த்து. "லேஅவுட்டுல வண்டியே வராது. அதான் அங்க நேராப் போச்சா?"

"லோடு எவ்ளோன்னு பாத்தோம். லோடு வேடிக்கை பாக்கும்னு பாக்கலியே!"

"பெல்ட்ட இறுக்கிடலாமா?"

"எதுக்கு? பாக்கட்டும். எனக்குப் பொறந்தது பின்ன எதப் பாக்கும்?"

வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக் கெட்டியாகச் சுருட்டினாள். போகும்போது குழந்தையின் இடது இடுப்போரம் வைக்க வேண்டும், வரும்போது வலது இடுப்போரம்.

"இன்னா இது?" என்றார் தாண்டவராயன்.

"முட்டுக்கட்டை அண்ணே. தேருக்குப் போடறதில்லயா?"

திங்கட்கிழமை ஆறரைக்கே கிளம்பினோம். பஸ்ஸுக்கு அவ்வளவு முன்னால் கிளம்பத் தேவையில்லை, டிரெய்லருக்காக. "ரெண்டு டிரெய்லர் நின்னு பாப்போம். அப்புறம் நேரா நடக்கணும், ஒப்பந்தமா?" என்றாள் ரஞ்சனி. குழலி ஒப்பந்தத்தை மீறி மூன்று பார்த்தாள். ஆனால் சுருட்டிய புடவை அவளை நடுவிலேயே நிறுத்தியது. தலை மட்டும்தான் சாய்ந்தது. ரஞ்சனி ஒரே கையால் தள்ளினாள்.

காப்பகத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் முப்பிடாதி அக்கா திருநெல்வேலிப் பக்கம். வாசலிலேயே இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏட்டி, நான் தேருல்லா வருதுன்னு நெனச்சேன். ஒம் மவளா? எறங்குங்க ராணி, அரண்மன வந்துட்டு."

குழலி அழுவாள் என்று எல்லோரும் தயாராக இருந்தோம். காப்பகத்து ஜன்னல் நெடுஞ்சாலையைப் பார்த்து இருந்தது. அவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அழுதது ரஞ்சனிதான், அதுவும் கொஞ்ச நேரம். ஏழு இருபது பஸ் வந்ததும் புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

மாலையில் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தேன். இறங்கும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டாள்.

"மொத வண்டியே இடப்பக்கம் இழுக்குதுன்னு கார்டுல எழுதி வந்துச்சி. ஓட்டிப் பாக்கறவரு இசக்கியப்பன் அண்ணன். எல்லாம் அளந்துட்டேன், ஒரு குறையும் இல்ல. அப்புறம் கேட்டேன், அண்ணே, நேரா உக்காந்து ஓட்டினீங்களா?"

"அவர் என்ன சொன்னார்?"

"'என்னம்மா, எட்டு மாசங்கழிச்சு வந்து என்னையவே செக் பண்ணுதியா?'ன்னு கத்தினாரு. பக்கத்துல இருந்தவங்கல்லாம் சிரிச்சாங்க. அப்புறம் பாத்தா, இடுப்புப் பிடிப்பாம், ரெண்டு நாளா ஒரு பக்கமா சாஞ்சிதான் உக்காந்துனு கீறாரு. வேற ஆள வெச்சி ஓட்டினோம். நேராப் போச்சி. அந்தக் கார்டுல நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

முப்பிடாதி அக்கா குழலியைக் கொண்டுவந்து வண்டியில் உட்காரவைத்தார். ரஞ்சனி குனிந்து, சுருட்டிய புடவையை எடுத்து வலப்பக்கம் மாற்றி வைத்தாள். தூரத்தில் டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்தது. குழலி, ரஞ்சனி, நான், மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம்.