நீதிபதிக்கு ஓர் எலுமிச்சை

நீதிமன்றம் எப்படி நடக்கும் என்பது எட்டு வயதிலேயே எனக்கு அத்துப்படி. நியூ ஜெர்சியில் எங்கள் அபார்ட்மெண்ட் டிவியில் வாராவாரம் ஒரு கோர்ட் காமெடி வரும். நீதிபதி ஜோக்கடிப்பார், வக்கீல்கள் அசடு வழிவார்கள், முகம் தெரியாத கூட்டம் ஒன்று விழுந்து விழுந்து சிரிக்கும், அரை மணியில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அம்மா பீன்ஸ் நறுக்கியபடியே பார்ப்பார். அந்த நீதிபதி தங்கமான மனிதர் என்பது அம்மாவின் தீர்ப்பு.

ஆகவே, ஸ்டாப் சைனில் முழுதாக நிறுத்தாமல் காரை உருட்டிக்கொண்டு போனதற்காக அப்பாவைப் போலீஸ் மடக்கி, கோர்ட்டுக்கு வரச்சொல்லி டிக்கெட் கொடுத்தபோது, வீட்டில் பதறியவர் அப்பா ஒருவர்தான்.

“கிரீன் கார்டு ஃபைல் இப்பதான் மூவ் ஆகுது. கோர்ட்ல பேர் ஏறிச்சுன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்.”

“ஜட்ஜை நேர்ல பாத்து சொல்லுங்க. கேக்காமலா போயிடுவார்?” என்ற அம்மா, எங்களோடு கிளம்பும்போது ஓர் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டார். எங்கள் ஊர்ப் பக்கம் கலெக்டரைப் பார்ப்பதென்றால் எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிடுவார்கள். அது மரியாதை.

“அது கோர்ட்டுடி. கொண்டுபோய் உள்ள வை,” என்றார் அப்பா. அம்மா உள்ளே வைத்தார், கைப்பைக்குள்.

கோர்ட்டில் பெஞ்சு பெஞ்சாக ஆட்கள் காத்திருந்தார்கள். யாருமே சிரிக்கவில்லை. நீதிபதி கண்ணாடிக்கு மேலாக ஒவ்வொருவரையும் பார்த்தார். முன்வரிசையில் இடம் பிடித்ததும் அம்மா பழத்தை என் கையில் திணித்தார்.

“அப்பாவைக் கூப்பிட்டதும் கூடவே போய்க் குடுத்துடு. சின்னப் பையன் குடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டார்.”

அப்போதுதான் எனக்கு டிவியில் போன வாரம் வந்த கோர்ட் காமெடி ஞாபகம் வந்தது. அதில் ஒருவன் நீதிபதிக்கு ஒரு கூடை பழம் கொண்டுவருவான். லஞ்சம் என்று விலங்கு மாட்டி இழுத்துப் போவார்கள். அன்றைக்குச் சிரித்த கூட்டத்தில் நானும் ஒருவன். ஒரு கூடைக்கு விலங்கு என்றால் ஒரு பழத்துக்கு என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா ஒரு ஜெயில், நான் ஒரு ஜெயில், அம்மா தனியாக ஏர்போர்ட்டில். என் மூளை அன்றும் சரி, இன்றும் சரி, பயத்தில் மட்டும்தான் இவ்வளவு வேகமாக ஓடும்.

குப்பைத்தொட்டி, கதவோரம் நின்ற போலீஸ்காரரின் காலடியில் இருந்தது. சாட்சியத்தை அழிக்க எனக்கு இருந்தது ஒரே இடம், என் வயிறு. ஊர் எலுமிச்சை என்றால் இரண்டு வாயில் முடிந்திருக்கும். இது அமெரிக்க எலுமிச்சை. ஆரஞ்சு அளவு, செருப்புத் தடிமனில் தோல், மேலே கடை ஸ்டிக்கர். குனிந்துகொண்டு தோல், கொட்டை, ஸ்டிக்கர் எதையும் விடாமல் கடித்து விழுங்கினேன். அம்மாவின் கண் முழுக்க நீதிபதி மேல்தான் இருந்தது.

அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மா என்னைத் தள்ளிவிட்டார். வெறுங்கையோடு அப்பாவின் பக்கத்தில் போய் நின்றேன். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது, தாடை தானாக நடுங்கியது. என்னைப் பார்த்ததும் அப்பா மனப்பாடம் செய்துவந்ததை எல்லாம் மறந்துவிட்டார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். உங்கள் மகனா என்று கேட்டார். இனிமேல் வண்டியை முழுதாக நிறுத்துவீர்களா என்றும் கேட்டார். அப்பா இரண்டுக்கும் தலையாட்ட, எச்சரித்து அனுப்பிவிட்டார்.

“தங்கமான மனுஷர்னு அப்பவே சொன்னேன்ல,” என்றார் அம்மா, பார்க்கிங்கை நோக்கி நடந்தபடி. அப்பாவின் முதுகு என்னை மறைத்திருந்ததால், பழம் நீதிபதி கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக அம்மாவின் எண்ணம்.

காரில் ஏறியதும் அப்பா பின்சீட்டுக்குத் திரும்பினார்.

“எனக்காகவாடா அப்படி அழுத?”

வாயைத் திறந்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று தலையை மட்டும் பலமாக ஆட்டினேன்.

அப்பா முன்பக்கம் திரும்பி ஸ்டீயரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். சாவியைத் திருகவில்லை. குக்கர் வைக்க நேரமாகிறது என்று அம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். கேஸ் ஜெயித்த மனிதர் எதற்காக மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவர் எப்போது எலுமிச்சை தின்றார் என்றுதான் யோசித்தேன்.