இதையும் கழட்டு

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் என்றால் நான்தான். பட்டாபிராமுக்குக் குடிவந்த புதிதில் யாரோ கையைக் காலைப் பிடித்துப் போடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்தச் சிவப்பு சாட்டின் அங்கியும், பஞ்சுத் தாடி ஒட்டிய பிளாஸ்டிக் முகமூடியும் என் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. எனக்குச் சீட்டாட வராது, சினிமாவுக்குப் போனால் தூக்கம் வந்துவிடும். டிசம்பர் மாதத்தில் சில சாயங்காலங்கள் ஆடுவதுதான் நான் கண்ட பொழுதுபோக்கு.

வேஷத்துக்குச் சில கண்டிப்புகள் உண்டு. தாத்தா வாயைத் திறக்கக் கூடாது; குரலை வைத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும். வீட்டிலேயே வேஷத்தைப் போட்டுக்கொண்டு, தெருமுனையில் நின்று, வீடு வீடாகக் கேரல் பாட்டுப் பாடப் போகிறவர்களின் வேனில் ஏறிக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பது யார் என்று பெரியவர்கள்கூடக் கேட்க மாட்டார்கள். தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருப்பதுதான் எங்கள் வழக்கம். எனக்கென்று ஓர் ஆட்டம் வைத்திருந்தேன். இடது முழங்கால் சரியாக மடங்காது என்பதால் அந்தக் காலை இழுத்து இழுத்து ஒரு சுற்றுச் சுற்றுவேன். பிறகு குனிந்து, பிள்ளையின் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்துக் கொடுப்பேன். மூட்டு வலியை ஸ்டைல் என்று நம்பிக் கைதட்டியவர்கள் நிறையப் பேர்.

என் மகளும் பேத்தியும் என்னோடுதான் இருக்கிறார்கள். பேத்திக்கு நாலு வயதாக இருந்தபோது வந்த கிறிஸ்துமஸில் வினை வந்தது. கேரல் ரவுண்ட்ஸ் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் ஆடி முடித்தேன். பாடகர்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வியர்வை தாங்காமல் பின்பக்கம் போய் முகமூடியைக் கழற்றினேன். திரும்பினால் பேத்தி நிற்கிறாள். பயந்துவிடப் போகிறாளே என்று சிரித்தேன். அவள் பயப்படவில்லை. கிட்டே வந்து என் கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“இதையும் கழட்டு.”

“இது தாத்தா மூஞ்சிடா கண்ணு.”

“இல்ல. தாத்தா எங்க?”

அன்றிலிருந்து நான் அவளுக்குத் தாத்தா இல்லை. அதுவரை சாயங்காலமானால் என் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு, ரயில்வே சைடிங்கில் கிடக்கும் கூட்ஸ் வண்டிகளைப் பார்க்க வருவாள். நான் ஊட்டினால்தான் அவளுக்கு இட்லி இறங்கும். எல்லாம் நின்றுபோயிற்று. அழுது அடம்பிடித்திருந்தால்கூடச் சமாதானம் செய்திருக்கலாம். அவள் மரியாதையாக விலகிப் போனாள். நான் பேப்பரிலிருந்து நிமிர்ந்தால், எதிரே நின்று என் தாடை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடுகிறாள். வெட்கக்கேடு, ஷேவ் செய்யும்போது நானே அந்த இடத்தைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தேன்.

“கொஞ்ச நாள்ல மறந்துடுவாப்பா, விடு” என்றாள் மகள். பேத்தி மறக்கவில்லை. ஒரு நாள் சமையலறையில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

“தாத்தா பாட்டுப் பாடுறவங்களோட வேன்ல போயிட்டாரு. இவரு இங்கயே நின்னுட்டாரு.”

உயிரோடு இருக்கும்போதே என் இடம் காலியாகிவிட்டது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்த டிசம்பரில் ஒரு யோசனை தோன்றியது. வேஷத்தை வேறு யாராவது போடட்டும், நான் பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். முகமூடியையும் என்னையும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டால் தெளிந்துவிடுவாள். பாடகர் குழுவை நடத்துகிறவன் என் பழைய சிநேகிதன். அவனிடம் போனில் சொன்னேன்.

“இந்த வருஷம் வேற ஆளு போடட்டும்யா.”

“சரி நைனா” என்றான். அவ்வளவுதான் பேச்சு.

சொன்ன நாளில் வந்தார்கள். டிரம் சத்தம் கேட்டதுமே பேத்தி தன் அம்மாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்தாள். மெல்லப் பேசி என் பக்கத்தில் உட்கார வைத்தேன். சிவப்பு அங்கி கதவைத் தாண்டி உள்ளே வந்தது. புது டிரெஸ் வாங்கிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். இடது காலை இழுத்து இழுத்து ஒரு சுற்றுச் சுற்றியது. பயல் நன்றாகத்தான் பார்த்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேன், கொஞ்சம் பொறாமையும் பட்டேன். பிறகு அது பேத்தியிடம் குனிந்து, காதுக்குப் பின்னாலிருந்து சாக்லேட்டை எடுத்தது. குனிந்தது நிமிரக் கொஞ்ச நேரமானது. நிமிரும்போது கண் ஓட்டைகள் வழியாக என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

வேன் புறப்பட்டதும் பேத்தி தானாகவே என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். சாக்லேட்டைப் பிரிக்கச் சொல்லி, பாதியைக் கடித்து, மீதியை என் வாயில் வைத்தாள். ஒரு வருஷமாக இதற்குத்தானே காத்திருந்தேன். அழுதேன், அழுதால் என்ன.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சிநேகிதனைப் பிடித்தேன்.

“யாருய்யா அந்த ஆளு? என்னை உரிச்சு வெச்ச மாதிரி ஆடுனான்.”

“இன்னாபா, நீ அனுப்ச்ச ஆளுதானே.”

“நான் எங்க அனுப்பினேன்? உன்னத்தானே வேற ஆளு பாக்கச் சொன்னேன்.”

“ட்ரெஸ்ஸு உங்கிட்டதானே கீது? நீயே யாரையோ புடிச்சு அனுப்புவன்னு கம்முனு இருந்துட்டேன். உங்க தெருமுனைல, நீ நிக்கிற எடத்துலயே நின்னுகினு இருந்தான், ஏறிக்கினான். உள்ள யாருன்னு நாம என்னிக்கிப்பா கேட்டுக்கீறோம்?”

“எங்க எறங்கினான்?”

அவன் யோசித்தான். “எறங்கி நான் பாக்கல நைனா.”

வீட்டுக்கு வந்து ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். வேஷத்தை வைத்திருந்த பையில் நான் கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது. அதன் மேல் ஒரு வருஷத்துத் தூசியும் இருந்தது. பையைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மகளிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் பேத்தியை சைடிங் பக்கம் அழைத்துப்போனேன். வண்டியை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

“கண்ணு, நான் யாரு?”

“தாத்தா.”

“அன்னிக்கு ஆடினவரு?”

“அவருதான் தாத்தா.” எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, பொறுமையாக விளக்கினாள். “அவரு இனிமே வரமாட்டாராம். இவரையே தாத்தான்னு கூப்புடுன்னு சொன்னாரு.”

“கிறிஸ்துமஸ் தாத்தா பேச மாட்டாரேடா.”

“என்கிட்ட பேசுனாரு” என்றாள், கூட்ஸ் வண்டியைப் பார்த்தபடி.

இப்போது நாள் முழுக்க என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறாள். இட்லி நான்தான் ஊட்ட வேண்டும். அவளுக்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை. அவள் கூப்பிட்டதும் ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் “என்னம்மா” என்கிறேன்.