சீராக வந்த சிமெண்ட் கல்

எங்கள் பக்கத்தில் வீடு கட்டப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், போகிறவன் வருகிறவன் எல்லாம் இன்ஜினியர் ஆகிவிடுவான். மீன் விற்க வந்த பெண், செம்பாறையில் வெட்டியெடுக்கிற வெட்டுக்கல்தான் குளுமை என்றாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த ஒருவர், முன்பின் தெரியாத மனிதர், வெள்ளையாக லேசான கல் ஒன்று வந்திருக்கிறது, தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்று மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் வரை என் காதைத் தின்றார். மிதக்கிற கல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வீடா கட்டுகிறேன், தோணியா?

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மேற்கு அறை நனையக் கூடாது. என் மகளுக்கு மூச்சிழுப்பு உண்டு. நாங்கள் இருந்த வாடகை வீட்டில், ஜூனில் மேற்கிலிருந்து அடிக்கிற இடவப்பாதி மழை தொடங்கியதும் மேற்குச் சுவர் ஊறும், கரும்பச்சையாகப் பூஞ்சை ஏறும். அவள் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்குவாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை. "அம்மா, புது வீட்டுல எனக்க ரூமு ஈரம் இல்லாம இருக்குமா?" என்று நாளும் கேட்டுக்கொண்டே இருப்பாள். கணவர் வளைகுடாவில். கல் பார்க்க நான்தான் அலைய வேண்டும்.

அலைந்தேன். வெட்டுக்கல் கண்ணுக்கு அழகு. ஆனால் நான் பார்த்த லோடில் ஆணியால் கீறினால் சரசரவென்று கொட்டியது. தோவாளைப் பக்கம் ஒரு சூளையில் செங்கல் இரண்டை எடுத்து மோதினேன், கணீரென்றது. ஒன்றை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டேன், உடையவில்லை. இன்னொன்றை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். சூளைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"கல்லு வாங்க வந்தியளா, சண்டைக்கு வந்தியளா?"

"ரெண்டுக்கும்தான்" என்றேன்.

சிமெண்ட் பிளாக்கை நான் குறை சொல்லவில்லை. நன்றாகச் செய்து, வேண்டிய நாள் நனைத்து எடுத்த பிளாக் நல்ல கல்தான். நான் குறை சொல்வது என் அண்ணனின் பிளாக்கை. அவர் துபாயில் இருந்துவிட்டு வந்து மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் பிளாக் கம்பெனி போட்டவர். பாறைப்பொடி அள்ளி அள்ளி விழும், சிமெண்ட் மட்டும் திருநீறு மாதிரி விழும். சரியாக நனையாமலே கல் லாரியில் ஏறிவிடும். ஓரத்தை விரலால் அழுத்தினால் ரஸ்க் மாதிரி உதிரும். அதைத்தான் மகளின் அறைக்கு வை என்று நின்றார்.

"ஏட்டி, துபாயில பூரா பிளாக்குதான். நூறு மாடி நிக்குது, தெரியுமா?"

"துபாயில இடவப்பாதி பெய்யுமா அண்ணே?"

"ஒனக்கு வாய் கூடிப்போச்சு, கேட்டியா. எனக்க கூடப்பொறந்தவளே செங்கல்லு வச்சா, நாளைக்கு எவன் எங்கிட்ட பிளாக் எடுப்பான்?"

ஆகா, அப்படி வா வழிக்கு! நான் வீடு கட்டவில்லை, அவருடைய கம்பெனிக்கு விளம்பரப் பலகை நட்டுக்கொண்டிருக்கிறேன். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். செங்கல்லுக்குச் சொல்லியும் வைத்தேன்.

வாசல் நிலை வைக்கிற நாளில் கூடப்பிறந்தவன் சீர் கொண்டுவருவது எங்கள் குடும்பத்து வழக்கம். குத்துவிளக்கு, புடவை, பழத்தட்டு, மிஞ்சிப்போனால் நிலைக்கான மரம். அன்று காலையில் சொந்தபந்தம் எல்லாம் கூடி நிற்க, பிச்சிப்பூ மாலை போட்டுக்கொண்டு ஒரு லாரி வந்து நின்றது. லாரி நிறைய சிமெண்ட் பிளாக்.

"மருமவளுக்க ரூமுக்குத் தாய்மாமனுக்க சீரு!" என்று அண்ணன் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

எல்லோரும் சிரிக்கிறார்கள், கை தட்டுகிறார்கள், ஒரு சித்தி கண்ணைத் துடைக்கிறாள். அண்ணன் கொண்டுவந்த சீரைத் திருப்பி அனுப்பினால் அதோடு பிறந்தவீடு முடிந்தது. போனில் கணவர் வேறு, "பிரச்சினை பண்ணாத, எறக்கச் சொல்லு" என்றார். மனிதர் வெயிலில் கிடந்து உழைக்கிறார், அவரிடம் என்ன மல்லுக்கட்ட? பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். மற்ற சுவரெல்லாம் செங்கல்லில் எழும்பியது. மகளின் அறை மட்டும் மாமன் சீரில் எழும்பியது.

குடிபோன வருடமே இடவப்பாதி வெளுத்து வாங்கியது. மேற்குச் சுவரில் முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. பிறகு அது கட்டில் உயரத்துக்கு வந்தது. மகள் மறுபடியும் உட்கார்ந்து மூச்சு வாங்கத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை பிடிக்க வைத்துக் கூட்டிவந்தேன். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவரைத் தட்டிப் பார்த்தார், ஏதோ டாக்டர் மாதிரி.

"கல்லுல ஒண்ணும் இல்ல. பூச்சு சரியில்ல. நல்ல பெயிண்டா அடி."

அடித்தேன். அது கொப்பளித்துக்கொண்டு உரிந்தது. மகள் மழை முடிகிறவரை என் அறையில் என்னோடு நெருக்கிப் படுத்தாள்.

அடுத்த கோடையில் அண்ணன் வீட்டில் ஏசி மாட்டினார்கள். நான் மதினிக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொடுக்கப் போயிருந்தேன். அந்த வீடு கட்டும்போது நான் ஊரில் இல்லை. ரோட்டைப் பார்த்த முன்பக்கச் சுவரில் ஒரு மூலையைப் பூசாமல் விட்டு, இதோ பிளாக், எனக்க வீடே பிளாக்தான் என்று வாங்க வருகிறவர்களிடம் அண்ணன் காட்டுவார். ஏசிக்காரன் படுக்கை அறையின் மேற்குச் சுவரில் டிரில்லை வைத்து அழுத்தினான். கீழே வெள்ளை விரிப்பு. அதன்மேல் பொடி கொட்டியது.

சிவப்புப் பொடி.

சிமெண்ட் கல்லைத் துளைத்தால் சாம்பல் நிறத்தில் கொட்டும். வீடு கட்டிய எவளுக்கும் இது தெரியும். நான் அந்தப் பொடியை விரலில் தொட்டு எடுத்துக் காட்டினேன்.

"இது என்ன அண்ணே?"

அவர் குனிந்து விரிப்பை மடிக்கத் தொடங்கினார். தேத்தண்ணியோடு வந்த மதினிதான், பாவம், விவரம் தெரியாமல் சொன்னாள்: "மழ அடிக்குத பக்கம் இல்லியா? அதான் இந்தப் பக்கம் பூரா அவிய செங்கல்லு வச்சாவ."

தேத்தண்ணியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் அன்றைக்கு அங்கே கொலை விழுந்திருக்கும்.

அடுத்த மழைக்குள் முடிக்க வேண்டும் என்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். தோவாளையிலிருந்து செங்கல் வந்து இறங்கியது. மேற்குச் சுவரில் சுத்தியல் விழுகிற சத்தம் கேட்டு அண்ணனுக்கு யாரோ போன் போட்டுவிட்டார்கள். பைக்கை ஸ்டாண்டு கூடப் போடாமல் சாய்த்துவிட்டு ஓடிவந்தார்.

"ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? தாய்மாமன் சீர இடிக்கியா? ஊரு காறித் துப்பாதா? நாளைக்கு நான் எப்படி வெளிய எறங்கி நடப்பேன்?"

அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வரட்டும். சீர் கொடுத்தபோது கேட்டவர்கள்தானே, இதையும் கேட்கட்டும். அவரை நான் ஒருநாளும் 'நீங்க' என்றல்லாமல் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"ஒனக்க வீட்டுல ஆருக்குலே இழுப்பு?" என்று கேட்டேன்.

கொத்தனார் சுத்தியலை நிறுத்தினார். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே மகள் துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"மாமா, பொடி பறக்குது" என்றாள் அவள். "நெஞ்சுல ஏறிரும். தள்ளி நில்லுங்க."