பன்னிரண்டாயிரம் காலண்டர்

அந்தப் பேச்சு மதிவதனிக்கு இன்றும் வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, இலங்கை டீலருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அக்காவும் தம்பியும். முதலில் பேசியது மோகனப்பிரியாதான்.

"சபரீ, அப்பா போயி மூணு மாசமாச்சு. இனி லெட்டர்ல நானே கையெழுத்துப் போட்டுக்கறேன். பதினோரு வருஷமா எழுதறது நான், கையெழுத்து மட்டும் வேறொருத்தருதா?"

"உங்களுக்கு எதுக்குங்க்கா அந்தச் சிரமம்?"

"சிரமம்னு நான் சொன்னனா?"

"கட்டிக் குடுத்த பொண்ணு கம்பெனில கையெழுத்துப் போட்டா டீலருங்க என்னன்னு நினைப்பாங்க, நீங்களே சொல்லுங்க."

"சத்தியமங்கலத்துல இருந்து நான் திரும்பி வந்து பன்னெண்டு வருஷமாச்சு. டீலருங்களுக்கு எல்லாம் தெரியும். உனக்குத்தான் இன்னும் தெரியல போல."

சபரீஷ் மேசையிலிருந்த ஃபைலைப் புரட்டினான். மோகனப்பிரியா மறுபடி சொன்னார்: "வெளிய போயி போர்டுல என்ன எழுதியிருக்குதுன்னு ஒருக்கா பாத்துட்டு வா."

அவன் சிரித்தான். "பேரு உங்களுதுங்க்கா. அதை யாருங்க இல்லைன்னா? கம்பெனி எங்களுது. பேரை வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

"சரிப்பா. எடுத்துக்கறேன்."

அவ்வளவுதான். மோகனப்பிரியா பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். அவர் எழுந்ததும் சபரீஷும் எழுந்து, கதவைத் திறந்துபிடித்து, "பாத்துப் போங்க்கா" என்றான். அந்த மரியாதைதான் மதிவதனிக்குத் தாங்க முடியாமல் போயிற்று. கடிதத்தை முடித்து, கவரில் போட்டு ஒட்டி வைத்துவிட்டு, மறுநாளிலிருந்து அவளும் போகவில்லை.

கோயமுத்தூரில் பட்டறை வைக்கிறவர்கள் மூத்த மகள் பெயரை வைப்பது வழக்கம். மகள் பிறந்த ராசியில்தான் லேத் ஓட ஆரம்பித்தது என்பார்கள். மோகனப்பிரியாவின் அப்பா கோபாலசாமியும் 1964-இல் கணபதிப் பகுதியில் பட்டறை போட்டபோது, தொட்டிலில் கிடந்த குழந்தையின் பெயரை வைத்தார். மோகனப்பிரியா பம்ப்ஸ். பம்பின் மேல் எழுத்து இரும்பிலேயே வார்க்கப்பட்டு வரும். ஆனைமலைத் தென்னந்தோப்புகளிலிருந்து பவானிக் கரை வாழைத் தோட்டங்கள்வரை கிணற்றடியில் அந்தப் பெயர் சேறு படிந்து கிடந்தது. பள்ளியில் கூடப் படித்தவர்கள், "நீ மூணு ஹெச்.பி.யா, அஞ்சு ஹெச்.பி.யா?" என்று கேட்டு அழவைப்பார்களாம். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தவர், அழுதுகொண்டிருக்காமல் அப்பாவின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார். எந்த ஊர் மோட்டார் கடையில் எந்த மாடல் ஓடும் என்று ஏட்டைப் பார்க்காமல் சொல்வார்.

வெளியே வந்தபின் அவர் தொடங்கிய தொழில், அப்போது ஊரில் பலருக்குப் புரியாத ஒன்று. அமெரிக்காவில் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் மொத்தமாக இடம் வாடகைக்கு எடுத்து, அதைச் சின்னச் சின்னதாகப் பிரித்து உள்ளூர் கம்பெனிகளின் இணையப் பக்கங்களுக்கு வாடகைக்கு விடுவது. சாயிபாபா காலனியில் ஒரு மாடி அறை, துணைக்கு மதிவதனி, இரண்டு கம்ப்யூட்டர், போன் வழியாக இணையத்தைக் கூப்பிட்டால் பத்துக்கு ஏழு தடவை கத்திவிட்டு அறுந்துபோகும் ஒரு மோடம். "தோட்டம் வெச்சிருக்கறவனுக்குச் சந்தையில ஒரு கடை வேணுமல்ல? அந்தக் கடைதான் இது" என்று மோகனப்பிரியா விளக்குவார். வாடிக்கை மெல்ல வந்தது. பெயர்தான் வரவில்லை.

ஒரு மாதம் பெயர் தேடினார்கள். கோவை நெட், நொய்யல் நெட், சிறுவாணி வெப். பெயர் மனதில் நிற்குமா என்று பார்க்க மோகனப்பிரியா ஒரு முறை வைத்திருந்தார். மதிவதனி பத்துப் பேருக்குப் போன் போட்டுப் பேச்சோடு பேச்சாகப் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, "எங்க கம்பெனி பேரு நினைப்பிருக்குதுங்களா?" என்று கேட்க வேண்டும். அந்நியரிடம் பேசக் கூச்சப்படும் மதிவதனிக்கு ஒவ்வொரு போனும் ஒரு பரீட்சை. ஒரு பெயரும் தேறவில்லை. பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி கலீல் ரஹ்மான் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் சொன்னார்.

"அதெல்லாம் நினைப்பில்லீங்க அம்மணி. மோகனப்பிரியா அம்மணி கடைதானுங்களே? எங்க தோப்புல பதினெட்டு வருஷமா ஓடுது, ஒரு நாள் மக்கர் பண்ணுனதில்லை."

இதை மதிவதனி வந்து சொன்னபோது மோகனப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்தப் பேரு வேண்டாம். அதை அவன் இரும்புல ஊத்தி வெச்சிருக்கறான்."

மதிவதனிக்கு இரண்டு மொழியும் சுத்தமாக வரும் என்பதால், சாயங்காலங்களில் ராஜ வீதியில் கோவிந்தராஜுலு அச்சகத்தில் பிழை திருத்தப் போவாள். 1998 நவம்பரில் ஒரு நாள் அவள் மேசைக்குக் காலண்டர் புரூஃப் ஒன்று வந்தது. மோகனப்பிரியா பம்ப்ஸ், 1999. மேலே மருதமலை முருகன். கீழே விலாசம், போன், அதற்கும் கீழே சிவப்பில் புதிதாக ஒரு வரி: இணைய முகவரி, மோகனப்பிரியா டாட் காம். பன்னிரண்டாயிரம் பிரதி.

அதில் ஓர் எழுத்தும் பிழையில்லை. அவள் கையெழுத்திட்டு அனுப்பினாள். மறுநாள் காலை மாடி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தேடிப் பார்த்தாள். உலகத்தில் ஒருவரும் அந்தப் பெயரைப் பதிந்திருக்கவில்லை. வியாபாரச் சின்னம் பதிந்தாயிற்று, விற்பனை வரி எண் இருக்கிறது, இணைய முகவரியும் அவற்றோடு தானாக வந்துவிடும் என்று சபரீஷ் நினைத்திருந்தான். அந்த வருஷம் ஊரில் பாதி முதலாளிகள் அப்படித்தான் நினைத்தார்கள்.

அச்சகத்து விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது. அது தெரிந்தேதான் சொன்னாள்.

மோகனப்பிரியா திரையிலிருந்த பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். "எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னானல்ல?" என்றார். அமெரிக்காவிலிருந்த கல்லூரித் தோழியின் கிரெடிட் கார்டில் பணம் கட்டி அன்றே அந்தப் பெயரைப் பதிந்தார். அதோடு பம்ப்ஸ் சேர்த்து ஒன்று, மோட்டார்ஸ் சேர்த்து ஒன்று.

"இப்பவே சொல்லிரலாமுங்களா? இன்னும் அச்சுக்குப் போயிருக்காது" என்றாள் மதிவதனி.

"பேசாதே. அச்சாகட்டும். கட்டு கட்டா பஸ்ஸுல ஏத்தட்டும். பொள்ளாச்சில இருந்து சத்திவரைக்கும் ஒவ்வொரு மோட்டார் கடைக்காரனும் ஆணி அடிச்சு மாட்டட்டும். அப்பறம் பேசலாம்."

இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை மதிவதனி அதற்கு முன் பார்த்ததில்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், "இன்னிக்கு எங்க மாட்டியிருப்பாங்க?" என்று கேட்பார். கிணத்துக்கடவு, கோமங்கலம், புளியம்பட்டி என்று தானே சொல்லிக்கொள்வார்.

பொங்கல் கழிந்ததும் சபரீஷ் மாடி ஏறி வந்தான். துபாயில் பம்பு வாங்க இருந்தவர் அந்த முகவரியைத் திறந்திருக்கிறார். திரையில் வந்தது பம்பு அல்ல. 'மோகனப்பிரியா. உங்கள் நிறுவனத்துக்கு இணையத்தில் ஓர் இடம்.'

"என்னங்க்கா இப்படிச் செஞ்சுபோட்டீங்க?"

"உக்காருப்பா. காலண்டர் பாத்தேன். தாள் நல்ல தாள். முருகன்தான் கொஞ்சம் மஞ்சளா உழுந்துட்டாரு."

"டீலருங்க கேலி பண்றாங்க. அக்காளும் தம்பியும் பாகம் பிரிச்சாச்சான்னு துபாய்க்காரன் ஃபேக்ஸ் அனுப்பறான். என்ன வேணுமுன்னு சொல்லுங்க, குடுத்துடறேன்."

"எனக்கு எதுவும் வேண்டாம். பேரு உங்களுதுன்னு நீதான சொன்னே? போர்டுல இருந்து எடு. வார்ப்புல இருந்து எடு. ரசீதுல, லாரி கதவுல, எல்லாத்துலயும் எடு."

"முப்பத்தஞ்சு வருஷப் பேருங்க்கா. அப்பா வெச்ச பேரு."

"எனக்கு வெச்சாரு."

அவன் வக்கீலிடம் போனான். மோகனப்பிரியா தன் பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுத்து வக்கீல் நோட்டீசுக்குப் பதிலாக அனுப்பினார், கூட ஒரு வரிகூட எழுதாமல். மதிவதனியிடம், கலீல் ரஹ்மானுக்குப் போன் போட்டு, கம்பெனிக்குப் பேர் வைத்தாயிற்று என்று சொல்லச் சொன்னார். "நான்தான் அப்பவே சொன்னேனுங்களே" என்றார் அவர். காலண்டரைப் பார்த்துத் தேடி வந்து, பம்பு கிடைக்காமல் இடம் வாடகைக்கு எடுத்துப் போனவர்கள் மட்டும் சித்திரைக்குள் பதினாறு பேர்.

சொந்தப் பெயரை வைத்திருப்பவர்மேல் வழக்கு நிற்காது என்று வக்கீல் கையை விரித்தாராம்; வைகாசியில் மோகனப்பிரியா பம்ப்ஸ் போர்டு இறங்கிவிட்டது என்று தெரிந்தது. மோகனப்பிரியா மைசூர்பா வாங்கிவரச் சொன்னார். மதிவதனி பெட்டியோடு வந்தபோது தபாலும் வந்திருந்தது. மூலையில் மஞ்சள் தடவிய அழைப்பிதழ். கம்பெனியின் புதுப் பெயருக்குப் பூஜை. மதிவதனிதான் படித்தாள்.

"நந்திதா பம்ப்ஸுங்க்கா."

மோகனப்பிரியாவின் கை பெட்டியின் மேலேயே நின்றது. நந்திதா சபரீஷின் மகள்.

"அவளுக்கு என்ன வயசு இப்ப?"

"நாலு இருக்குமுங்க."

பெட்டியைப் பிரிக்கவே இல்லை. தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியை மதிவதனியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மணி, எனக்கு ஒண்ணு செஞ்சு குடு. அவன் அடுத்த காலண்டர் அடிக்கறக்குள்ள நந்திதாங்கற பேரை இன்டர்நெட்டுல பதிஞ்சு எடுத்துபோடு. என்ற பேர்ல வேண்டாம், உன்ற பேர்ல எடு. என்ற கைல இருந்தா அவன் வர்றப்ப நான் அதையும் வெச்சு ஆட்டிப் பாத்துருவேன். கெடு வர்றப்பெல்லாம் மறக்காம புதுப்பிச்சுட்டே இரு, கண்ணு. அவளுக்குப் பதினெட்டு ஆகற அன்னிக்குப் போயி அவ கைல குடு. அதுக்கு முந்தி அவங்கப்பன் வந்து கேட்டாக் குடுக்காதே. நான் கேட்டாலும் குடுக்காதே."