சிவப்புத் தாத்தாவுக்குத் தமிழ் பேசியவர்

பெரியதம்பி அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. டை, ஷிப்ட், ரிஜெக்ட், ஓ.டி. என்று கம்பெனிக்குள் புழங்கும் நாற்பது ஐம்பது சொற்கள் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் நான் ஓசூரில் இருந்த காலத்தில் ஓர் ஆங்கிலப் படத்துக்கு வருஷா வருஷம் அவர்தான் தமிழ் பேசினார்.

மூக்கண்டப்பள்ளியில் வெங்கடப்பன் என்பவருக்குச் சொந்தமான லைன் வீட்டில் ஆறு குடும்பங்கள் இருந்தோம். நான் அருப்புக்கோட்டைக்காரி. கல்யாணமாகி 2001இல் அங்கே வந்தேன். என் கணவர் மோகன்குமாரும் பெரியதம்பி அண்ணனும் ஒரே கம்பெனி. வண்டிகளுக்குத் தகட்டுச் சாமான் அடிக்கும் பிரஸ் ஷாப். தகட்டை வடிவாக அழுத்தும் இரும்பு அச்சைத்தான் அங்கே டை என்பார்கள். அண்ணனுக்குச் சொந்த ஊர் நாகரசம்பட்டி. மாந்தோப்புக் குடும்பம்தான், ஆனால் நாலு பேருக்குப் பங்கு பிரித்தபின் தோப்பை நம்பி உட்கார முடியவில்லை. அவருடைய மனைவி மாதம்மாள் அக்கா லேசில் சிரிக்காதவர். யாராவது ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால், சொல்லி முடித்துவிட்டாரா என்று பார்ப்பது போல முகத்தைப் பார்ப்பார்.

எங்கள் லைனில் யாரும் கிறிஸ்தவர் இல்லை. இருந்தாலும் கிறிஸ்துமஸ்தான் எங்களுக்குப் பெரிய நாள். பொங்கல், தீபாவளி என்றால் அவரவர் ஊருக்கு பஸ் ஏறிவிடுவோம், லைன் காலியாகிவிடும். டிசம்பர் இருபத்தைந்து ஒரே ஒரு நாள் லீவு. ஊருக்குப் போய்த் திரும்ப முடியாது. அதனால் ஆறு வீடும் நிறைந்து கிடக்கும். எங்களுடையது அல்லாத அந்தப் பண்டிகையைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கழித்தோம்.

2002 கிறிஸ்துமஸ் அன்று படம் பார்க்கலாம் என்று முடிவாகி, என் கணவர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் சம்பங்கி என்பவர் வைத்திருந்த சிடி கடைக்குப் போனார். லீவு நாள் என்பதால் தமிழ்ப் படமெல்லாம் காலையிலேயே போய்விட்டிருந்தது. அட்டை கிழிந்துபோன ஓர் ஆங்கிலப் படம்தான் மிச்சம். "இதுவும் கிறிஸ்துமஸ் படந்தான், பாருங்க" என்று சம்பங்கி கொடுத்தனுப்பியிருக்கிறார்.

பெரியதம்பி அண்ணன் வீட்டு முன்னறையில் பதினெட்டுப் பேர் உட்கார்ந்தோம். ஜன்னலுக்குக் கம்பளி போட்டு வெளிச்சத்தை மறைத்தோம். ஓசூர் டிசம்பருக்கு அந்தக் கம்பளியை யாராவது தோளில் போட்டிருக்க வேண்டும். படத்துக்காக அன்று ஜன்னலுக்குக் கொடுத்தோம்.

படத்தில் ஒரே பனி. மலையடிவாரத்தில் ஒரு பொம்மைத் தொழிற்சாலை. அங்கே வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஒரு கிழவர், சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் கட்டிக்கொண்டு, தன்னை வெளியே அனுப்பிய அதிகாரிகள் ஒவ்வொருவருக்கும் பரிசுப் பெட்டி கொண்டுபோய்க் கொடுக்கிறார். பெட்டியைத் திறந்தால் ஆள் காலி. இவ்வளவும் பின்னால் புரிந்துகொண்டது. அன்றைக்குப் பத்து நிமிஷம் வரை ஒன்றும் விளங்கவில்லை. முதல் அதிகாரி செத்ததும் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தோம்.

அப்போது சுவரில் சாய்ந்திருந்த பெரியதம்பி அண்ணன், திரையில் தாத்தா வாயசைக்கும் நேரம் பார்த்து, நிதானமான குரலில் சொன்னார்: "இருபத்திரண்டு வருசம் வேல செஞ்சங்க சார். ஒரு கேக்கு கூட குடுக்கல. அதான் நானே கொண்டாந்தன்."

எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். அதன்பின் படம் முழுக்க அவர் பேசினார். போலீஸ்காரர் கன்னடம் கலந்து "ஏன் சமாச்சாரா?" என்று சேதி விசாரித்தார். ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுக்கார வெங்கடப்பன் மாதிரியே தெலுங்கில் அலுத்துக்கொண்டார். கதவைத் திறக்கும் மேனேஜர் பெண்டாட்டி, "யாருய்யா அது, இங்கன வந்து நிக்கிறது?" என்று கேட்டதும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் பேச்சை இந்த மனுஷன் இத்தனை நாளாக உன்னித்துக் கேட்டிருக்கிறார் என்று எனக்கு வெட்கமாகவும் சிரிப்பாகவும் இருந்தது.

ஓர் ஆள் பரிசு கட்டும் மெஷினில் விழுந்து, பளபளப்புக் காகிதம் சுற்றி, தலையில் ரிப்பன் பூவோடு வெளியே வருவான். "பேக்கிங் ஓகே, டிஸ்பாட்ச் பண்ணு" என்றார் அண்ணன். கம்பெனிக்காரர்கள் தரையில் புரண்டு சிரித்தார்கள். பயந்து என் கையைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டு ராசாத்தி, பிடித்த பிடியை விடாமலே சிரித்தாள். பயமும் சிரிப்பும் ஒரே மூச்சில் வரும் என்பதை நான் அன்றுதான் கண்டேன். கெட்டது நடக்கப்போகிறது என்று வயிறு இறுகும், அது நடக்கும்போது கோமாளித்தனமாக நடக்கும், இறுகின வயிறு அப்படியே குலுங்கிப் போகும். பண்டிகை விளக்கும் கேக்கும் சுற்றி இருப்பதால் இன்னும் ஜாஸ்தியாகச் சிரிப்பு வரும்.

அடுத்த வருஷம் வேறு படம் இருந்தும் அதையே கேட்டோம். அதற்கடுத்த வருஷமும் அதே. சம்பங்கி டிசம்பர் பிறந்ததும் அந்த சிடியை யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைக்கத் தொடங்கினார். லைனில் அதற்குச் "சிவப்புத் தாத்தா படம்" என்று பெயர். உண்மையான பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

2005 அக்டோபரில், ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், பிரஸ் மெஷினில் பெரியதம்பி அண்ணனுடைய வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். அஜாக்கிரதையால் நடந்த விபத்து என்று கம்பெனி எழுதியது, அவரும் இடது கையால் கையெழுத்து மாதிரி ஒன்றைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தபின் பேச்சே நின்றுபோனது. மாதம்மாள் அக்கா அழுகையை அடக்கத் தெரியாமல் அவரைத் திட்டுவார். "என்னா நெனப்புல கைய வெச்ச நீ? பச்சப் புள்ளயா?" அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

டிசம்பர் வந்தது. அந்தப் படத்தில் பொம்மை அச்சடிக்கும் பிரஸ் மெஷின் ஒன்று உண்டு. மேனேஜர் கை அதில் மாட்டி அப்பளம் மாதிரி தட்டையாக வெளியே வரும். மூன்று வருஷமாக நாங்கள் அதிகம் சிரித்தது அந்த இடத்துக்குத்தான். இந்த வருஷம் அந்தப் படம் வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் என் கணவர் ஒரு பக்திப் பட சிடியை வாங்கி வந்தார். எங்கள் வீட்டிலேயே போடலாம் என்று நான் டிவியைத் துடைத்து வைத்தேன்.

மத்தியானம் பெரியதம்பி அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். "எங்க ஊட்ல போடலியா?"

"இல்லண்ணே, நீங்க படுத்திருப்பீகன்னு..." என்று இழுத்தேன்.

"எந்தப் படம்?"

என் கணவர் அட்டையைக் காட்டினார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். அரை மணி நேரம் கழித்துச் சிவப்புத் தாத்தா சிடியோடு திரும்பி வந்தார். சம்பங்கி தர யோசித்தாராம். "உன் கடைக்கு வேற யாரு வந்து இதக் கேக்கப்போறாங்க" என்று வாங்கிவந்திருக்கிறார்.

பழைய இடம், பழைய கம்பளி. ஆனால் படம் தொடங்கியும் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. ஆங்கிலத்திலேயே ஓடியது. நாங்கள் யாரும் யாரையும் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரிப்பன் பூவோடு ஆள் வெளியே வந்தபோதும் அறையில் சத்தமில்லை.

பிரஸ் மெஷின் காட்சி வந்தது. ஓர் இளம் தொழிலாளி மெஷினைக் காட்டி மேனேஜரிடம் ஏதோ சொல்வான். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக் கையை வீசுவார். மற்ற வருஷங்களில் இந்த இடத்தில் அண்ணன் கேண்டீன் சாம்பாரைப் பற்றி ஏதாவது பேசவைப்பார். அன்று அந்தத் தொழிலாளி வாயசைத்ததும் அவர் குரல் வந்தது. கரகரப்பாக, மெதுவாக.

"சார், மெசினு ஒருக்கா அமுத்துனா ரெண்டு தபா அடிக்குதுங்க. நிறுத்திப் பாத்துட்டு ஓட்டலாங்களா?"

மேனேஜருக்கு வேறு குரல். "இந்த லாட்டு முடியட்டும்ப்பா. வண்டி நிக்குது."

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது கம்பெனி சூப்பர்வைசரின் குரல். கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

திரையில் தாத்தா பின்னால் வந்து நின்றார். மெஷின் இறங்கியது. மேனேஜர் அலறிக்கொண்டு தட்டையான கையைத் தூக்கினார். தொழிலாளி ஓடிவந்து மெஷினுக்குள் குனிந்து பார்த்தான். அண்ணன் பணிவான குரலில் சொன்னார்: "பயப்படாதீங்க சார். டைக்கு ஒண்ணும் ஆவல."

பிறகு என் கணவர்தான் முதலில் சிரித்தார். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்ட மாதிரி வாயைப் பொத்தினார், முடியவில்லை. அடுத்து ராசாத்தி புருஷன், அடுத்து எல்லோரும். அண்ணனும் தோள் குலுங்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது.

மாதம்மாள் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. படத்தை நிறுத்தச் சொன்னார். "மெய்யாலுமே உங்க சூப்பர்வைசரு டையப் பத்தித்தான் கேட்டானா?"

"ஆமா. டைக்கு ஏதும் ஆச்சான்னு. வெரலு உள்ள இருக்கறப்பவே கேட்டாரு."

"மெசினு கெட்டுப்போனத முன்னாடியே சொன்னியா நீ?"

"ரெண்டு நாளாச் சொன்னன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? நான் இத்தினி நாளா உன்னத் திட்டிக்கினு கெடக்கறன்."

அண்ணன் கையைப் பார்த்தார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இப்ப வந்துருச்சி."

அக்கா எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். "போடு, மிச்சத்தப் பாக்கலாம்" என்றார். மிச்சப் படத்தில் அவர் இரண்டு இடத்தில் சிரித்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு என் கணவரோடு மாதம்மாள் அக்காவும் கம்பெனி கேட்டுக்குப் போனார். ஆபீசரைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று நின்றார். காகிதத்தில் இருந்த அஜாக்கிரதை என்ற வார்த்தையை அடித்துவிடச் சொன்னார். காகிதம் மேலே போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். ஆனால் பேச்சு உள்ளே பரவி, பிரஸ் ஷாப்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்கவே, மெஷினைப் பிரித்தார்கள். கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருந்தது, இரண்டு தரம் அடித்தது அதனால்தான். பிப்ரவரியில் எல்லா மெஷினுக்கும், இரண்டு கையாலும் அமுக்கினால்தான் இறங்கும்படி பட்டன் வைத்தார்கள். அண்ணனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். இடது கையால் எழுதப் பழகினார், எழுத்து முன்னைவிட அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்வார்.

படமும் தொடர்ந்தது. 2008இல் வேலை குறைந்து, வாரத்துக்கு மூன்று நாள்தான் ஷிப்ட் என்றாகி, எந்த வீட்டிலும் நிம்மதி இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சம்பங்கி அதே படத்தை டிவிடியாக எங்கிருந்தோ தேடி வாங்கி வைத்திருந்தார். கீழே ஆங்கில எழுத்து ஓடியது. அண்ணன் மகள் தர்ஷினி மூன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசிக் காட்சியில் தாத்தா பனியில் தனியாக உட்கார்ந்து ஏதோ சொல்வார். "போனஸ் வாங்கிட்டுத்தான் எந்திரிப்பன்" என்றார் அண்ணன்.

"அப்பா, அவரு அப்படிச் சொல்லல."

"நீ சும்மா இரு பாப்பா" என்றார் என் கணவர். அண்ணன் அவரைக் கையமர்த்திவிட்டு, "என்னா சொல்றாரு?" என்று மகளைக் கேட்டார்.

"குளிருது, யாராச்சும் என்ன உள்ள கூப்புடுங்கன்னு சொல்றாரு."

இத்தனை வருஷம் நாங்கள் சிரித்த இடம் அது. மாதம்மாள் அக்காதான் சொன்னார்: "மொதல்லயே கூப்ட்டு ஒரு டீ குடுத்திருந்தா இத்தினி பேரு செத்திருக்க மாட்டாங்க."

"படமே ஓடியிருக்காதே" என்றார் அண்ணன். வேலை போகுமோ என்று பயந்து உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தோம்.

வேலை போகத்தான் செய்தது. 2009 ஏப்ரலில் நாங்கள் காலி செய்துகொண்டு அருப்புக்கோட்டைக்கு வந்துவிட்டோம். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம், சோறு இறக்கிவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"படம் ஓடுதாண்ணே?"

"ஓடுதும்மா. தர்ஷினி படிச்சிச் சொல்றா. மொதல்ல அவ நெசத்தச் சொல்லுவா, அப்பறம் நான் சொல்லுவன். ரெண்டுக்கும் தனித்தனியாச் சிரிக்கறாங்க." பிறகு, "இரு, மேனேஜர் பொண்டாட்டி வர்றா" என்று போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார்.

அருப்புக்கோட்டை வெயிலில் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டேன். கதவு தட்டும் சத்தம். "யாருய்யா அது, இங்கன வந்து நிக்கிறது?" என்று என் குரலில் அவர் கேட்டார், அறை முழுக்கச் சிரித்தது.