தீபாவளி சாயங்காலம் ஆறு மணி

தீபாவளி அன்று அப்பாவின் ஆபீசர் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வரவேண்டும், வந்து பஜ்ஜி சாப்பிடவேண்டும், சாப்பிட்டுவிட்டு எங்களுக்கு ஒரு அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்குச் சிபாரிசு செய்யவேண்டும். அம்மாவின் திட்டம் இவ்வளவுதான். தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்குத் தில்லிக்கு மாற்றலாகி, ஐந்து மாதமாக நாங்கள் கரோல் பாகில் ஒரு பஞ்சாபி வீட்டின் மொட்டைமாடி அறையில் இருந்தோம். ஜூன் மாதம் சுவரில் கை வைக்கமுடியாது. தண்ணீர் மாடிக்கு ஏறாது. அம்மா வாளியோடு இறங்கி ஏறுவாள். லக்ஷ்மிபாய் நகரில் ஒரு குவார்ட்டர்ஸ் காலியாக இருக்கிறது, ஆபீசர் மனது வைத்தால் நம் முறைக்கு முன்பே கிடைக்கும் என்று அவள் காதில் விழுந்த நாளிலிருந்து அப்பாவுக்கு நிம்மதி போயிற்று.

அப்பா யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். குளிர்காலத்தில் பஸ் ஜன்னலைச் சாத்தச்சொல்லக்கூட வாய் வராமல் நடுங்கிக்கொண்டே வருகிற மனிதர்.

"நீங்க ஒண்ணும் கேக்க வேணாம். வீட்டுக்குக் கூப்பிடுங்க, போதும். அந்தம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள் அம்மா. எந்த மொழியில் என்று அப்பா கேட்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, "சரி, தீவாளி அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவோம்" என்றார். நாளும் நேரமும் அவர் வாயிலிருந்தே வந்ததில் அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. எங்களுக்குத் தீபாவளி என்பது விடிவதற்குள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, காலை பத்து மணிக்கெல்லாம் முடிந்துபோகிற சமாச்சாரம். சாயங்காலம் எல்லோரும் சும்மாதானே இருப்பார்கள்.

அழைக்கப் போனது நான். ஒன்பது வயது. தான் போனால் காக்கா பிடிப்பதுபோல் இருக்கும், குழந்தை கூப்பிட்டால்தான் அழகு என்று சொல்லி, அப்பா தெருமுனையில் நின்றுகொண்டார். பஸ்ஸில் வழியெல்லாம் உருப்போட்டுவந்த இந்தி வாக்கியம், கதவு திறந்ததும் பாதி காணாமல் போய்விட்டது. மீதியைச் சொன்னேன். ஆபீசரின் மனைவி, "தீவாளி கீ ஷாம் கோ? ச்சே பஜே?" என்று நாளையும் மணியையும் இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் "ஹாங் ஜி" என்றேன். சிரித்துக்கொண்டே என் கையில் ஒரு பர்ஃபியைக் கொடுத்து அனுப்பினாள்.

"சிரிச்சாங்கப்பா" என்றேன்.

"சரி, வா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

தீபாவளி மத்தியானத்திலிருந்து அறை அமர்க்களப்பட்டது. மாவிலை கிடைக்காமல் அசோக இலையைக் கோத்துத் தோரணம் கட்டினோம். சுவருக்குச் சுவர் க்ரேப் காகிதம், மூலைக்கு மூன்று பலூன், வாசலில் குட்டி பல்புச் சரம். காகிதத்தை ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் பிய்ந்துகொண்டு வந்தது. பல்புச் சரம் நினைத்தால் எரிந்தது. அம்மா கடிகாரத்தைப் பார்ப்பதும் மாவைக் கரைப்பதுமாக இருந்தாள். நான் விழுங்கிவிட்ட அந்தப் பாதி வாக்கியத்தில்தான் 'எங்கள் வீட்டுக்கு வாருங்கள்' என்பது இருந்திருக்குமோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் நாற்காலி வாங்கப் போனோம். இன்றைக்கா விருந்தாளி என்பதுபோல் அவள் ஏதோ கேட்டாள். அம்மா "அச்சா, அச்சா" என்று சொல்லிவிட்டு மாடியேறினாள். அப்பா மட்டும் ஸ்டூலில் நின்று, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

ஆறு அடித்தது. ஆறரை ஆயிற்று. தெருவெல்லாம் விளக்கு. படியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா புடவையைச் சரிசெய்தாள். ஏழரைக்கு பஜ்ஜி விறைத்துப்போனது. அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அங்க போய் என்னடி சொல்லிட்டு வந்தே?"

"சரியாத்தான்மா சொன்னேன்."

"எங்க, சொல்லு பாப்போம்."

அப்போதும் பாதிதான் வந்தது. அழுதுவிட்டேன்.

"கொழந்தைய விடு. பெரிய ஆபீசரு, ஏதாவது வேலை வந்திருக்கும்" என்ற அப்பா, தட்டை இழுத்து நாலு பஜ்ஜி தின்றார்.

அதற்கப்புறம் ஒரு வருடம், அம்மா வாளியோடு படியேறுவதைப் பார்க்கவே எனக்குக் கூசும். என்னால்தானே. அடுத்த தீபாவளிக்குள் கீழ்வீட்டு ஆன்ட்டி பேசுவது அம்மாவுக்கும் எனக்கும் புரிய ஆரம்பித்திருந்தது. இங்கே அன்று சாயங்காலம்தான் லக்ஷ்மி பூஜை, வீட்டை விட்டு ஒருவரும் கிளம்பமாட்டார்கள் என்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "நமக்கு இது தெரியாம போச்சே" என்றாள். அப்பாவும் தலையாட்டினார்.

கல்யாணத்துக்கு முன்பு அப்பா ஆறு வருடம் தில்லியில் ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் பின்னறையில் குடியிருந்தவர். ஆறு தீபாவளிக்கு அந்த வீட்டுப் பூஜையில் பிரசாதம் வாங்கித் தின்றவர். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்கு நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது. வரமுடியாத நாளாகப் பார்த்து அழைத்திருக்கிறார், அதற்கும் என்னை அனுப்பியிருக்கிறார். நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் கோபம் வருகிறது. அன்று ராத்திரி கோபம் வரவில்லை. பார்ட்டி என்றால் அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது, பாவம், அவருக்காகவாவது அவர்கள் வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.